கண்டியா, காலியா? கொழும்பில் கையிலிருக்கும் ஒரே ஒரு பகல்

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் எங்களுக்குச் சென்னையைவிடக் கொழும்பு கிட்டத்தில் இருக்கிறது. சாவடியைக் கடந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திருவனந்தபுரம் விமான நிலையம். அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரப் பறப்பில் கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்க. ஆகவே முதன்முதலாகக் கடவுச்சீட்டு எடுக்கும் குடும்பங்கள், அழைத்துக்கொள்ள வளைகுடாவில் பிள்ளைகள் யாரும் இல்லையென்றால், இலங்கையையே தேர்ந்தெடுப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது. நான்கு நாள் பயணத்தில் முதல் நாளும் கடைசி நாளும் விமானத்துக்குப் போய்விடும், ஒரு நாள் கொழும்பு நகரத்துக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் ஒரு பகலில் கண்டிக்குப் போவதா, காலிக்குப் போவதா என்பதே கேள்வி. இரண்டு ஊருக்கும் வெவ்வேறு பயணங்களில் கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பியவன் என்பதைத் தவிர இதைப் பற்றிப் பேச எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை. சிகிரியா பாறைக்கோட்டையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒரு வழிக்கே ஏறத்தாழ நூற்று எழுபது கிலோமீட்டர் வண்டியில் உட்கார்ந்து, பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் ஏறி இறங்கி, அதே இரவில் கொழும்புக்குத் திரும்புவது சுற்றுலா ஆகாது, தண்டனை ஆகும்.

வரைபடத்தில் பார்த்தால் கண்டியும் காலியும் கொழும்பிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரம். இரண்டும் நூற்றிருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் சாலையில் இறங்கிவிட்டால் அந்த ஒற்றுமை மறைந்துவிடுகிறது. காலிக்குச் செல்லும் தெற்கு அதிவேகப் பாதை 2011-இல் திறக்கப்பட்டது. கொழும்பின் ஓரத்திலுள்ள கொட்டாவையில் ஏறினால் காலி நகரின் வாசலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் இறங்கிவிடலாம். கண்டிக்கு இன்னும் அப்படி ஒரு பாதை முழுமையாகப் போய்ச் சேரவில்லை. பழைய கண்டி வீதியில் கேகாலை, மாவனல்லை என்று கடைத்தெருக்களுக்கு நடுவே ஊர்ந்து, கடுகண்ணாவை மலையேற்றத்தில் லாரிகளின் பின்னால் நின்று நின்று போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும், நான்கும் ஆகலாம். போக வர என்று கூட்டினால், காலையில் ஆறு மணிக்குக் கிளம்பி இரவு ஒன்பது மணிக்கு அறைக்குத் திரும்பும் பயணியின் கால் தரையில் படும் நேரம் காலியில் பத்து மணி நேரம் என்றால் கண்டியில் எட்டுக்கும் குறைவு. உணவுக்கும் கழிப்பறைக்கும் கழித்தது போக மிஞ்சுவது என்ன என்பதை வைத்துத்தான் பரபரப்பான ஒரு சுற்றுலா நாளை நான் அளக்கிறேன். எத்தனை இடம் பார்த்தோம் என்ற கணக்கில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அந்த நம்பிக்கை போனது கண்டியில்தான். அந்த முறை அம்மா, அண்ணன், மைனி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேராகச் சென்றோம். ஒரு பயண முகவர் தந்த அட்டவணையில் பின்னவலை யானைகள் காப்பகம், வாசனைத் திரவியத் தோட்டம், பேராதனைத் தாவரவியல் பூங்கா, மாணிக்கக் கடை, தலதா மாளிகை, கண்டி ஏரி, மாலையில் நடனம் என்று ஏழு இடங்கள் இருந்தன. பின்னவலையில் யானைகள் ஆற்றுக்கு இறங்கும் வேளைக்காகக் காத்திருந்ததைக்கூட மன்னிக்கலாம். மாவனல்லைக்கு அருகே சாலையோரத் தோட்டம் ஒன்றில் எங்களை இறக்கி, வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் ஒவ்வொரு கொடியாகக் காட்டி, இதுதான் மிளகு, இதுதான் கிராம்பு, இதுதான் சாதிக்காய் என்று முக்கால் மணி நேரம் விளக்கியதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக் கமுகில் நல்லமிளகுக் கொடி ஏறி நிற்கிறது. மாறாமலை எஸ்டேட்டுகளில் கிராம்பு பறிக்கப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கன்னியாகுமரிக் கிராம்பு 2021-இல் புவிசார் குறியீடே பெற்றுவிட்டது. அம்மா ஒரு கிராம்பை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, “மக்களே, இது பழசு” என்று என்னிடம் மெல்லச் சொன்னார். விளக்கம் முடிந்ததும் தைலக்குப்பிகள் விற்கும் அறைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அதற்கு அடுத்து மாணிக்கக் கடை. பேராதனைப் பூங்காவின் வாயிலுக்குப் போனபோது நுழைவுச்சீட்டு கொடுப்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள். நூற்று நாற்பத்தேழு ஏக்கர் பரப்பும் 1821 முதல் வரும் வரலாறும் கொண்ட ஒரு பூங்காவை நாங்கள் இரும்புக் கம்பிகளின் ஊடாக மட்டுமே பார்த்தோம்.

இதில் கண்டியின் குற்றம் எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சாலை நெடுகிலும் ஆள் கொண்டுவருபவர்களுக்குத் தரகு தரும் கடைகள் வரிசையாக இருப்பதால் அந்த வழியில் முகவர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் எங்கு வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தும் ஆசை வருகிறது. அதிவேகப் பாதையில் நிறுத்துவதற்கே இடம் கிடையாது என்பது காலிப் பயணத்துக்குத் தானாக அமைந்துவிட்ட பாதுகாப்பு. கண்டிக்குத்தான் போவது என்று முடிவு செய்தவர்கள் வண்டியை விட்டுவிட்டு ரயிலில் போவதே நல்லது. கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1867-இல். ரம்புக்கணையைத் தாண்டியதும் பாதை மலையைச் சுற்றி ஏறும். ஏறும்போது வலப்புறச் சன்னலில் இடம் பிடித்தால் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குக் கீழே விரியும். செங்கோட்டையிலிருந்து புனலூருக்குப் பதின்மூன்று கண் பாலத்தின் மேல் சென்றவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது, ஆனால் அலுக்கவும் அலுக்காது.

கண்டியில் இறங்கியபின் பார்ப்பதற்கு உண்மையில் இருப்பது ஏரிக்கரையைச் சுற்றிய ஓர் அரை கிலோமீட்டர் வட்டாரம்தான், அந்த வட்டாரம் மிகவும் செறிவானது. தலதா மாளிகையில் வைத்துக் காக்கப்படும் புத்தரின் பல்லை வழக்கமான நாள்களில் யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. பூசை வேளையில் மேல்தளத்துச் சன்னிதியின் கதவு திறக்கும்போது, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பேழைகளில் வெளிப்பேழையைச் சில நொடிகள் கண்டு நகர வேண்டும். பூசை அதிகாலையிலும், முற்பகல் ஒன்பதரை மணியளவிலும், மாலை ஆறரை மணியளவிலும் நடக்கிறது. இங்கேதான் ஒரு நாள் பயணத்தின் சிக்கல் இருக்கிறது: கொழும்பிலிருந்து புறப்பட்டு வருபவர் முற்பகல் பூசையைப் பெரும்பாலும் தவறவிடுகிறார், மாலைப் பூசைக்குக் காத்திருந்தால் அறைக்குத் திரும்ப நள்ளிரவாகிவிடுகிறது. நாங்கள் போனபோது பிற்பகல், கதவு மூடியிருந்தது. வெள்ளுடை அணிந்து, தாமரைத் தட்டை ஏந்தி, மூடிய கதவின் முன்னால் அமர்ந்திருந்த கிழவிகளின் பொறுமையைத்தான் பார்த்துவிட்டு வந்தோம்.

ஆனால் அதே வளாகத்துக்கு எதிரில் எங்கள் அட்டவணையில் இல்லாத ஓர் இடம் இருந்தது. தலதா மாளிகையின் அருகே நாத, விஷ்ணு, பத்தினி ஆகிய தெய்வங்களின் கோயில்கள் இருக்கின்றன. பத்தினி என்று சிங்களவர் கும்பிடுவது கண்ணகியை. மதுரையை எரித்துவிட்டுக் கொடுங்கல்லூருக்குப் போகும் வழியில் ஆற்றுகாலில் தங்கியவள் அவளே என்று நம்பி, ஆண்டுதோறும் திருவனந்தபுரத்துக்குப் பேருந்து ஏறிப் பொங்கலை இட்டுவரும் என் அம்மாவுக்கு இதைச் சொன்னதும், கண்டியில் அதுவரை முட்டுவலி என்று வண்டியிலேயே உட்கார்ந்திருந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். பத்து நிமிடம் நின்றார். அந்த நாள் முழுவதிலும் அவர் மனத்தில் தங்கியது அந்தப் பத்து நிமிடம் மட்டுமே.

மாளிகையின் முன்னுள்ள எண்கோண மண்டபமும், 1807-இல் வெட்டப்பட்ட ஏரியும் கண்டியின் கடைசி அரசனான சிறீ விக்கிரம ராசசிங்கனின் காலத்தவை. கண்ணசாமி என்ற பெயருடன் பிறந்த அந்த நாயக்க வம்சத்து மன்னன் 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து, 1832-இல் அங்கேயே இறந்தான். அரச சபை கூடிய மகுல் மடுவவின் செதுக்கிய மரத்தூண்களைத் தடவிப் பார்க்கும் எவருக்கும், அவர் எங்கள் ஊர்க்காரராக இருந்தால், பத்மநாபபுரம் அரண்மனை நினைவுக்கு வராமல் இராது. இவ்வளவும் ஒரே நோக்கில் ஓடிப் பார்ப்பதற்கானவை அல்ல. கண்டிக்கு ஓர் இரவு கொடுக்க முடிந்தால் மாலைப் பூசையும் மறுநாள் காலை பேராதனையும் அமைதியாகக் கிடைக்கும். கொடுக்க முடியாதவர்கள் அந்த ஊரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது என்பது என் தீர்ப்பு.

காலியைப் பற்றி எழுதும்போது எனக்குள்ள சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளச்சல் கடற்கரையில் 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்ற டச்சுக்காரர்கள் வந்திறங்கியது இலங்கையிலிருந்து. அந்தப் போருக்குப் பின் வேணாட்டுப் படையைப் பழக்கும் தளபதியாக மாறிய, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டைக்குள் இலத்தீனும் தமிழும் பொறித்த கல்லறையில் கிடக்கிறான். பள்ளிக்கூடத்து நாள்களில் அந்தக் கோட்டைக்குச் சுற்றுலா போய்ப் பொட்டலச் சோறு தின்ற எங்களுக்கு, அவனை அனுப்பியவர்கள் குடியிருந்த ஊரைப் பார்ப்பது ஒரு கதையின் மறுபாதியைப் படிப்பதுபோல் இருந்தது.

போர்த்துக்கேயர் 1588-இல் தொடங்கிய காலிக் கோட்டையை 1640-இல் டச்சுக்காரர்கள் பிடித்து, பதினான்கு கொத்தளங்களுடன் இன்றுள்ள வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். பழைய வாயிலின் உட்புறத்தில் இரண்டு சிங்கங்களுக்கு நடுவே டச்சுக் கம்பெனியின் முத்திரையும், அதன் உச்சியில் ஒரு சேவலும், 1669 என்ற ஆண்டும் இருக்கின்றன. அதே வாயிலின் வெளிப்புறத்தில் பிரித்தானிய அரசின் சின்னம். வாயிலைக் கடக்கும் பத்தடியில் இரண்டு ஆட்சிகளைக் கடந்துவிடலாம். உள்ளே இருப்பது நினைவுச்சின்னம் மட்டுமல்ல, மக்கள் குடியிருக்கும் ஊர் என்பதே கண்டிக்கும் காலிக்கும் உள்ள பெரிய வேறுபாடு. கோட்டைக்குள் நுழையக் கட்டணம் இல்லை, பூசை வேளை இல்லை, மூடும் நேரம் இல்லை. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மதில்மேல் பட்டம் விடுகிறார்கள், நீதிமன்றத்துக்கு வந்தவர்கள் மரநிழலில் வழக்கறிஞரோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1755-இல் கட்டிமுடித்த டச்சுத் தேவாலயத்தின் தரையில் கல்லறைப் பலகைகளையே பாவியிருக்கிறார்கள். மண்டையோடும் மணற்கடிகையும் செதுக்கிய அந்தக் கற்களை மிதிக்காமல் உள்ளே நடக்க முடியாது. தெருக்களின் அடியில் டச்சுக்காரர் அமைத்த கழிவுநீர்க் கால்வாய்கள் ஓதத்தோடு உள்ளே வரும் கடல்நீரால் கழுவப்படும் வகையில் கட்டப்பட்டவை. மழை பெய்தால் சந்தை முழுவதும் குளமாகும் ஊர்க்காரனாகிய நான் இந்த ஒரு செய்திக்காக அங்குள்ளவரிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டேன் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கலங்கரை விளக்கத்துக்கு எதிரே மீரான் பள்ளிவாசல், தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தேவாலயம் போலவே தோன்றும். அந்தத் தெருவில் ஒரு சிறு கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரப் பெரியவர், “நீங்க கேரளாவா?” என்று தமிழில் கேட்டார். காலிக் கோட்டை முஸ்லிம்களின் வீட்டு மொழி தமிழ். அண்ணன் சற்றுச் சூடாக, “இல்ல வாப்பா, நாங்க தமிழ்நாடுதான்” என்றார். பெரியவர் நம்பியதாகத் தெரியவில்லை. மதுரையிலும் சென்னையிலும் எங்கள் பேச்சைக் கேட்டு இதே கேள்வியைக் கேட்பார்கள் என்பதால், கடல் கடந்தும் அது எங்களைத் துரத்தி வந்ததில் மைனிக்கு ஒரே சிரிப்பு.

காலியோடு தொடர்புடைய தமிழ் இன்னொன்றும் உண்டு, ஆனால் அது காலியில் இல்லை. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹெ 1409-ஆம் ஆண்டுத் தேதியுடன் கொண்டுவந்து நிறுவிய கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்தது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைத் தென்னாவரை நாயனாராகிய திருமாலையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றன. அந்தக் கல் 1911-இல் காலியில் ஒரு மடைக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே கொழும்புக்கு ஒதுக்கிய நாளிலேயே அதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலிக்குப் போவது முறையான வரிசை.

காலியின் குறை வெயில். மதிலின் மேல் ஒரு சுற்று வர ஒன்றரை மணி நேரம் ஆகும், அந்த வழியில் நிழல் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. பகல் பதினொன்று முதல் மூன்று வரை அங்கே முதியவர்களை நடக்க வைப்பது பாவம். எட்டரை மணிக்குள் போய்ச் சேர்ந்து பாதி மதிலை முடித்துக்கொண்டு, உச்சிவெயிலில் தேவாலயமும் அருங்காட்சியகமும் சாப்பாடும் என்று கூரைக்கடியில் இருந்துவிட்டு, மறுபாதியை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். கொக்கலவில் கம்பத்தின் மேல் உட்கார்ந்து மீன்பிடிப்பவர்களைப் பார்க்க நடுவில் ஓடுவது வீண். பெரும்பாலும் படத்துக்காகவே உட்கார்ந்திருக்கிறார்கள், படம் எடுத்தால் காசு கேட்கிறார்கள். மாலையில் கொடிப்பாறைக் கொத்தளத்துக்கு அருகே நின்றால் ஒருபுறம் கடல், மறுபுறம் ஓட்டுக்கூரைகள். சூரியன் நேராகக் கடலில் இறங்கும்.

கோட்டை வாயிலுக்கு எதிரே உள்ள கிரிக்கெட் மைதானத்தை மதில்மேல் நின்றே பார்த்துவிடலாம். 2010 சூலை 22 அன்று இந்தியாவுக்கு எதிராக முரளிதரன் தமது 800-ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தது இந்தத் திடலில்தான். அவர் பிறந்து வளர்ந்தது கண்டியில் என்பதால் அண்ணன் மகனிடம் இரண்டு ஊருக்கும் ஒரு புள்ளி சமமாகப் போட வேண்டியதாயிற்று.

போகும்போது அதிவேகப் பாதை, வரும்போது கடற்கரை ரயில் என்றும் செய்யலாம். காலிக்குப் போகும் ரயிலில் வலப்புறமும் திரும்பும்போது இடப்புறமும் கடல் வரும். ஹிக்கடுவைக்கு அருகே பெரலிய என்னும் இடத்தில் 2004 ஆழிப்பேரலை இந்தப் பாதையில் நின்ற ரயிலைப் புரட்டி, ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் அதே காலையில் உறவுகளை இழந்தவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்த இடம் கடக்கும்போது பெட்டியில் உள்ளவர்கள் எதுவும் சொல்வதில்லை. நாங்களும் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

சாப்பாட்டில் எங்களுக்கு இரண்டு ஊரும் அந்நியமாகத் தோன்றவில்லை. ஆப்பம், இடியாப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல் எங்கும் கிடைக்கும். காலிப் பக்கத்தில் சூரையைக் கொறக்காய் போட்டு நீர் வற்றும்வரை கருக வைக்கும் அம்புல் தியல், கொடம்புளிக் கறி தின்று வளர்ந்த நாக்குக்கு உடனே பிடிபடும். கண்டியில் கித்துள் கருப்பட்டி வாங்கலாம். கித்துள் என்பது நம் கூந்தப்பனைதான்.

மழையைப் பொறுத்தவரை எங்கள் ஊர் நாட்காட்டியே போதும். இங்கே இடவப்பாதி கொட்டும் வைகாசி, ஆனி மாதங்களில் காலியிலும் கொட்டும், அலை மதிலின் அடியில் மோதித் தெறிக்கும். அப்போது கண்டியே மேல். மார்கழி முதல் பங்குனி வரை காலி தெளிவாக இருக்கும். முழுநிலா நாளாகிய போயாவன்று கண்டிக்குப் போனால் நெரிசலைத்தான் பார்க்க முடியும், ஆடி ஆவணியில் எசல பெரஹர என்னும் ஊர்வலத் திருவிழா நடக்கும் நாள்களில் அறையும் கிடைக்காது. இரண்டு இடத்துக்கும் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும், கண்டியில் தோளும் முழங்காலும் மூடிய உடையும் வேண்டும்; தலதா மாளிகையில் சார்க் நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைந்த கட்டணம்.

தங்குமிடமும் முடிவை மாற்றும். கொழும்புக்கு வடக்கே நீர்கொழும்பில் அறை எடுத்தவர்கள் கொழும்பு நெரிசலைத் தொடாமலே கண்டி வீதியைப் பிடித்துவிடலாம், அவர்களுக்குக் கண்டி அவ்வளவு தொல்லை தராது. தெற்கே கல்கிசையிலோ தெகிவளையிலோ தங்கியவர்கள் காலியைத் தவிர வேறு எதையும் நினைக்க வேண்டியதில்லை.

காலியைக் கடைசி நாளாக வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. 2019-இல் வெளிவட்டப் பாதை முடிந்ததிலிருந்து காலியிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம்வரை கொழும்புக்குள் நுழையாமல் அதிவேகப் பாதையிலேயே போய்விடலாம். காலிக்கு இரண்டாம் முறை போனபோது நாங்கள் அப்படித்தான் செய்தோம்: பெட்டிகளை வண்டியிலேயே வைத்துவிட்டு, மதில்மேல் சூரியன் இறங்கும்வரை இருந்து, ஏழு மணிக்குக் கிளம்பி, ஒன்பதரைக்கெல்லாம் விமான நிலையத்தில் இறங்கினோம். கண்டியிலிருந்து அதே வேளையில் கிளம்பி நள்ளிரவு விமானத்தைப் பிடிக்க நான் துணிய மாட்டேன். அம்மா வழி முழுவதும் தூங்கினார். பைகளை இறக்கும்போது கண் விழித்து, பத்தினி கோயிலுக்கு அடுத்த முறை எப்போது கூட்டிப்போவாய் என்று கேட்டார்.